ஒரே டேக்கில் ஓகே

“‘மதிப்பிற்குரிய எழுத்தாளர் தென்பெண்ணை அவர்களுக்கு’ன்னு போடு. அந்தாளுக்கு மதிப்பு ஒண்ணுதான் கேடு. இருந்தாலும் போடு.”

மருமகள் வின்சி சாப்பாட்டு மேசையில் தாளை வைத்து எழுதினாள். பவுலினா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். காலையில் கேட்ட செய்தி அவளை உட்கார விடவில்லை.

பவுலினா லேசுப்பட்ட நடிகை இல்லை. மேடையில் இருபத்தைந்து வருடம். நாடகத்துக்கு இரண்டு மாநில விருது, சினிமாவுக்கு ஒன்று. அதெல்லாம் அலமாரியில் கிடக்கட்டும். பங்குக் கோயிலில் தவக்காலம் தோறும் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் பதினெட்டு வருடமாக அவள்தான் மாதா. சிலுவையடியில் அவள் அழுதால் ஓசூர் மூக்கண்டப்பள்ளியே மூக்கைச் சிந்தும்.

இந்த வருடம் மாதா வேடம் வேறொருத்திக்காம். நாடகக் குழுச் செயலாளர் இன்னாசிமுத்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். டிவி சீரியலில் தினமும் மருமகளைப் பாடாய்ப் படுத்துகிற வஜ்ரவல்லியை மாதாவாக நிறுத்தினால் ஜனங்கள் கல்லெடுப்பார்களாம். வஜ்ரவல்லியாக நடிப்பதும் பவுலினாதான். அதற்காகத்தான் மாதம் பத்து நாள் சென்னைக்குப் போய் வருகிறாள். அந்த வசனங்களை எழுதுகிறவர்தான் இந்தத் தென்பெண்ணை.

“எழுதிக்க. உங்க சீரியலால நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியல. தெலுங்குலயும் கன்னடத்துலயும் வேற டப் பண்ணித் தொலைச்சிட்டாங்க. மத்த ஊர்ல இருந்தா ஒரு பாஷையில திட்டு வாங்கிட்டுப் போயிருப்பேன். ஓசூர்ல மூணு பாஷையில வாங்கறேன். தக்காளிக்காரம்மா தெலுங்குல சாபம் வுடுது. பஸ்ல கண்டக்டரு கன்னடத்துல புத்தி சொல்றாரு.”

“மெதுவா அத்தை. இப்பத்தான் கண்டக்டர்கிட்ட வந்திருக்கேன்.”

“நாலு வரி எழுத இவ்ளோ நேரமா? உங்கம்மா வீட்டுல பேனா புடிக்கவாச்சும் சொல்லிக் குடுத்தாங்களா இல்லையா?”

வின்சி குனிந்தபடியே எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே நாள் முழுக்க டைப் அடிக்கிறவள், கையெழுத்தே மறந்துபோயிருக்கும் என்று பவுலினா நினைத்துக்கொண்டாள்.

“மேல எழுது. ‘உப்பில்லாத கொழம்பு வைக்கத்தான் உங்கப்பன் உன்னைப் பெத்து வுட்டானா’ன்னு போன வாரம் ஒரு வசனம். அதக் கேட்டுட்டு, பூசைக்கு வர்ற மூணு பொம்பளைங்க எங்கிட்டப் பேசறதயே நிறுத்திட்டாங்க. உலகத்துல எந்த மாமியாராச்சும் இப்படிப் பேசுவாளா? இதெல்லாம் எங்கேருந்துய்யா புடிக்கறீங்க?”

“‘எங்கேருந்துய்யா புடிக்கறீங்க.’ எழுதிட்டேன் அத்தை.”

“இதுல சிறந்த மாமியார்னு ஒரு விருது வேற. அந்தக் கண்றாவி வசனமெல்லாம் எனக்கு ஒரே டேக்ல ஓகே ஆயிடுதுன்னு டைரக்டருக்குப் பெருமை தாங்கல. விருது குடுத்தவரு மைக்கைப் புடிச்சி சொல்றாரு, இவங்க நடிக்கல, வாழ்ந்திருக்காங்கன்னு. இத்தன வருஷமா நடிப்பு கத்துக்கிட்டவளப் பாத்து சொல்ற பேச்சா அது?”

பவுலினாவுக்கு மூச்சு வாங்கியது. மேசையில் இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தவள், அதை டொக்கென்று திருப்பி வைத்தாள்.

“இது காப்பியா, டம்ளர் கழுவுன தண்ணியா?”

வின்சி எழுந்துபோய் வேறு காப்பி கலந்து கொண்டுவந்தாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அதுவும் பவுலினாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

“கடைசியா இத எழுது. ஐயா, தவக்காலம் தொடங்கற சாம்பல் புதனுக்குள்ள வஜ்ரவல்லியத் திருத்திடுங்க. அவ மருமகளப் பாத்து ஒரே ஒரு நல்ல வார்த்தை பேசட்டும். ஜனங்க மனசு மாறிடும். எனக்கு என் மாதா வேணும்.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. வின்சி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தாளு படிப்பானா வின்சி? டைரக்டரே அவன நேர்ல பாத்ததில்லையாம். மெயில்ல வசனம் வருமாம், அவ்ளோதானாம்.”

“கண்டிப்பா படிப்பாங்க அத்தை. நான் சேத்துடறேன்.”

அடுத்த வாரம் சென்னைப் படப்பிடிப்பில் உதவி இயக்குநர் குருமூர்த்தி புதுக் காட்சியின் தாளை நீட்டினான்.

“மேடம், இன்னிக்கு சமையல்கட்டு சீன். கீழ ரைட்டர் ஏதோ குறிப்பு போட்டிருக்காரு, உங்களுக்காம். எங்களுக்கு ஒண்ணும் புரியல.”

பவுலினா ஆசையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கடிதம் வேலை செய்துவிட்டது, வஜ்ரவல்லி திருந்திவிட்டாள் என்று நினைத்து முதல் வரியை உரக்கவே படித்தாள்.

“இது காப்பியா, டம்ளர் கழுவுன தண்ணியா?”

அடுத்த வரிக்குத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. “உங்கம்மா வீட்டுல பேனா புடிக்கவாச்சும்...” என்று வாய் தானாகப் போய்ப் பாதியில் நின்றது.

“பிரமாதம் மேடம். எப்பவும் போல ஒரே டேக்தான்,” என்றான் குருமூர்த்தி.

பவுலினா மெல்லத் தாளின் அடிக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். தென்பெண்ணை என்ற பெயருக்கு மேலே அந்தக் குறிப்பு இருந்தது.

‘மாமியார் திருந்தும் காட்சியை எழுதி வைத்துவிட்டேன். சாம்பல் புதனுக்குள் வீட்டில் ஒரு ஒத்திகை பார்த்துவிட்டால் அனுப்பிவிடலாம், அத்தை.’