அரை ஸ்பூன் வெள்ளைக்கரு

ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் மகாதேவன் உதட்டைப் பிதுக்கியபோது, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள வெயிலுமுத்து படாத பாடு பட்டான்.

"உங்க மனைவியோட கிட்னி உங்களுக்கு ஆகாது, முத்து. அவங்க யூரின்ல புரோட்டீன் போறது."

போகாமல் என்ன செய்யும்? விடியற்காலையில் மாடத்தி குப்பியில் பிடித்து வைத்த சிறுநீரில் அரை ஸ்பூன் முட்டை வெள்ளைக்கருவைக் கலக்கியவனே அவன்தான்.

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பதினெட்டு வருடம், முட்டைப் பொடிமாஸும் பன்னுமாகப் புர்ஜி பாவ் வண்டி போட்டவனுக்கு முட்டைக்கா பஞ்சம்?

வாரத்துக்கு மூன்று முறை அவன் ரத்தத்தை மெஷின் கழுவுகிறது. காபி, கஞ்சி, தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான். ஜூலை மழையில், ஒரு சொட்டு வாய்க்குள் போய்விடுமோ என்று கொட்டாவி விடவே பயப்படுகிற பிழைப்பு.

சுண்டலில் பங்கு கேட்டாலே கையைத் தட்டிவிடுகிற மாடத்தி, கிட்னியை மட்டும் இந்தா பிடி என்று நீட்டிக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்றால் கேட்கிறவளா? அவன் படுத்த நாளிலிருந்து வண்டியையும் அவள்தான் தள்ளுகிறாள். அந்த உடம்பில் கத்தி படக் கூடாது. பெண்டாட்டியிடம் ஒருநாளும் பேசி ஜெயிக்காத சூரன், சத்தமில்லாமல் முட்டையை உடைத்தான்.

மாடத்தி அழுதாள். அவனுக்குப் பாவமாகவும் இருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் கால் டம்ளர் காபி குடித்துக் கொண்டாடலாம் போலவும் இருந்தது.

டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நம்பாமல் மறுபடியும் அடித்தார்.

நூற்றெண்பது. கீழே நூற்றுப்பத்து.

பிறகு குனிந்து, அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த குழி அப்படியே நின்றது.

சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டால் தண்ணீர் ரத்தத்தில் தங்காமல் காலில் இறங்கும். பிரஷர் மேலே ஏறும். இரண்டு வருடத்துக்கு முன் இதே நாற்காலியில் அவனுக்கு நடந்த பாடம்.

வெள்ளைக்கரு குப்பிக்குள்தானே போனது? காலுக்கு எப்படிப் போயிற்று?

"எத்தனை நாளா இப்படி வீங்கியிருக்கு?" என்றார் டாக்டர்.

மாடத்தி சேலையைக் கீழே இழுத்துவிட்டாள். "ரெண்டு மாசமா இருக்கும் சார். சொன்னா என் கிட்னி வேண்டாம்னு சொல்லிருவீயளேன்னு மறைச்சு வச்சிருந்தேன்."

வெயிலுமுத்து வாயைத் திறந்தான். முட்டை தொண்டை வரை வந்து நின்றுகொண்டது.

எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் அவளிடம் காலிக் குப்பி ஒன்றைக் கொடுத்து, பக்கத்துக் கழிப்பறையைக் காட்டினார்.

ஐந்து நிமிடம். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டான். இது மட்டும் சுத்தமாக வரட்டும். வந்தால் அவள் உடம்பில் தாராளமாகக் கத்தி வைத்துக்கொள்ளட்டும், தானே கையெழுத்துப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டான்.

இரண்டு கையாலும் குப்பியைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெல்ல வந்தாள் மாடத்தி. முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது.

மேஜையில் வைத்தாள்.

உள்ளே கெட்டியாக, வெள்ளையாக நுரை நின்றது. அடங்கவே இல்லை.

பதினெட்டு வருடம் முட்டை அடித்தவன். அந்த நுரையைப் பற்றி அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.