அரை மணியில் வீங்கும் முகம்

சிவப்புக் கைப்பை, மூக்கின் ஓரம் மச்சம். கடைக்குள் நுழைந்த பெண்ணைப் பார்த்ததுமே எலோய் உஷாராகிவிட்டான்.

எதிரே மீன் சூப் விற்கும் நார்சிசாவுக்குத் தெரியாமல் குவாயாகில் நகரத்தின் அந்தக் கடைத்தெருவில் எதுவும் நடந்துவிடாது. “சிவப்புக் கைப்பை, மூக்கோரம் மச்சம், அப்படி ஒருத்தி வர்றா, கிரீமைப் பூசிக்கிறா, அரை மணி நேரம் உக்காந்திருக்கா. மறுநாள் அந்தக் கடைக்கு சீல். பின் வரிசையில ரெண்டு கடை போயாச்சுண்ணே” என்று காலையில்தான் எச்சரித்திருந்தாள்.

வந்தவள் அலமாரியிலேயே உசத்தியான கிரீமைக் காட்டினாள். பெரிய கடைகளில் நாற்பது டாலர், எலோயிடம் பதினைந்து. மைத்துனன் கொண்டுவந்து போடும் சரக்கு. டப்பாவில் கம்பெனிப் பெயரும் ‘மென்மையான சருமத்துக்கு’ என்ற வரியும் தங்க எழுத்தில் மின்னின.

“கெட்டுப்போகாம இருக்க இதுல என்ன மருந்து போட்டிருக்காங்க?”

“டப்பாவுலயே எழுதியிருக்கே மேடம்.”

அவள் பொடி எழுத்தைப் படித்தாள். “இந்த மருந்து எனக்கு ஆகாது. அரை மணி நேரத்துல மூஞ்சி பன்னு மாதிரி வீங்கிடும். கொஞ்சம் பூசிப் பாக்கட்டுமா?”

ஆகாதாம், ஆனால் பூசிப் பார்க்க வேண்டுமாம். எலோய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலிலும் மழையிலும் பதினோரு வருஷம் தள்ளுவண்டி தள்ளிப் பிடித்த கடை இது. மூஞ்சியை வீங்கவைத்துப் பிழைக்கிறவளிடம் அதைப் பறிகொடுக்க அவன் தயாராக இல்லை.

“தாராளமா பூசுங்க. நார்சிசா, நீ வா, நீதான் சாட்சி.”

கைபேசியை எடுத்து, அவள் முகத்தருகே டப்பாவைப் பிடித்து வீடியோ எடுத்தான். “இது என் கடைச் சரக்கு. இப்பதான் பிரிச்ச டப்பா. சுத்த அசல். இதைப் பூசி ஒருத்தர் மூஞ்சியும் வீங்கினதில்ல.”

கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நாலு வருஷத்தில் அரிப்பு என்று ஒரு ஆள்கூடத் திரும்பி வந்ததில்லை.

அவள் பூசிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்த பாலைப் போல எலோய் அந்தக் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சிவக்குதா பாரு.”

“இல்லண்ணே. முன்னைக்கு இப்ப பளபளன்னுதான் இருக்கு” என்றாள் நார்சிசா.

நாற்பது நிமிடம் ஆனதும் எலோய் கண்ணாடியை நீட்டினான். “என்ன மேடம், இன்னைக்கு வேலை நடக்கலையா? வேற கடை பாருங்க.”

நார்சிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பெண் இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். டப்பாவில் இருந்த அதே பெயர், அதே தங்க எழுத்து. கீழே, ‘போலிச் சரக்குத் தடுப்புப் பிரிவு’.

“அந்த வீடியோவை எனக்கும் அனுப்பிடுங்க. எங்க கம்பெனி கிரீமா இருந்திருந்தா, இந்நேரம் என் மூஞ்சி வீங்கியிருக்கணும்ணே.”