எட்டாத அலமாரி

அக்காவோடு கடற்கரை ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தவள், தோளில் பையோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். செருப்பிலிருந்து மணல் உதிர்கிறது. உள்ளே மரத்தூளும் வார்னிஷும் மூக்கைத் துளைக்கின்றன. சுவரில் புது அலமாரி பளபளக்கிறது. சீனி, டீத்தூள், மிளகாய்த்தூள் என்று எல்லா டப்பாக்களும் அதில்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கணவன் டிரில்லைக் கையில் பிடித்தபடி பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். "எல்லாம் நானே செஞ்சது. எப்படி இருக்கு?" அவள் கையை உயர்த்துகிறாள். குதிகாலைத் தூக்குகிறாள். விரல் நுனி பலகையின் அடியைத்தான் தொடுகிறது. "யார் கைக்கு அளவெடுத்தீங்க?" என்கிறாள். "உனக்கு எட்டாதுன்னு தெரியும்மா. அதுக்குத்தான் இதையும் வாங்கி வெச்சேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுகிறான்.

தெரியும் என்கிறான். தெரிந்தேதான் அவ்வளவு உயரத்தில் அடித்திருக்கிறான். இனி மூன்று வேளையும் அவள் இதில் ஏறி இறங்க வேண்டும். அவளுக்குக் காதுமடல் சுடுகிறது. பையைத் தொப்பென்று இறக்குகிறாள். ஸ்டூலை ஜன்னலோரம் நகர்த்தி, கால்மேல் கால் போட்டு உட்கார்கிறாள். "டீ போடுங்க." அவன் சிரிக்கப் பார்க்கிறான், அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. டிரில்லை வைத்துவிட்டுக் கையை நீட்டி டீத்தூள் டப்பாவை எடுக்கிறான்.

"நல்லா எட்டுதில்ல?" என்கிறாள் அவள். "ராத்திரி சாப்பாட்டுக்கும் எட்டும்."