காணாத வகுப்பு

அடையாறு டிப்போ எதிரில் இருந்த ஓட்டலில் ராகவேந்திரனை முதன்முதலாக நேரில் பார்த்தபோது, ஸ்ரீலக்ஷ்மிக்கு அவர் வாத்தியாராகவே தோன்றவில்லை. டை கட்டியிருந்தார்.

கணக்கு ஆசிரியர்களின் இ-மெயில் குழுவில் ஏற்பட்ட பழக்கம். மயிலாப்பூர்ப் பள்ளியில் தான் நடத்தும் பாடங்களை, அவள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டி அனுப்புவாள். மற்றவர்கள் ‘அருமை’ என்று எழுதுவதோடு சரி. இவர் மட்டும் அந்தப் பாடத்தை நடத்திப் பார்த்துவிட்டுப் பதில் போடுவார்.

‘கழித்தலில், பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கு என்று வாயால் சொல்கிறீர்கள். அதைக் கண்ணால் காட்ட முடியாதா?’

அதைப் படித்த பிறகுதான் அவள் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். கடைசி பெஞ்சுக்குக்கூடக் கணக்கு வந்துவிட்டது.

பிரின்சிபாலுக்கு ஒரே சந்தோஷம். கணக்குக்கு ஓர் இடம் காலி இருந்தது. இந்த யோசனையைச் சொன்ன மனிதரை அழைத்து வாருங்கள் என்றார்.

அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். சொன்னதும் ராகவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்போ எந்த ஸ்கூல்ல இருக்கேள்?”

“ஸ்கூல்ல இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கேன்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் ஒரு வருஷமாக யாருக்கு எழுதிக்கொண்டிருந்தோம்? நடத்திப் பார்த்தேன், புரியவில்லை, மறுபடி நடத்தினேன் என்றெல்லாம் எழுதினாரே, அத்தனையும் கதையா? கோபப்படுவதா, எழுந்து போய்விடுவதா?

“அப்போ உங்க க்ளாஸ்?”

“க்ளாஸ்ல ஒருத்திதான். என் பொண்ணு. பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. ஆத்துல வச்சு நான்தான் சொல்லிக்குடுக்கறேன். உங்க ஸ்கூல்லதான் மொதல்ல அவளுக்கு இடம் கேட்டேன்.”

காபியில் ஆடை படிந்துவிட்டிருந்தது. இரண்டு பேருமே குடிக்கவில்லை.

“உங்க பிரின்சிபால் தன்மையாத்தான் பேசினார். இந்த மாதிரிக் குழந்தைக்குச் சொல்லிக்குடுக்க எங்ககிட்ட டீச்சர் யாரும் இல்லைன்னுட்டார்.”

ஸ்ரீலக்ஷ்மி பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

“அவ பேர் என்ன?” என்று கேட்டாள்.