சண்டாக்கானிலிருந்து லாபுவானுக்கு

"சண்டாக்கானிலேருந்து லாபுவானுக்குப் போக மூணு நாள் ஆகும்னு ஒரு தாள்ல அடிச்சு, ஆபீஸ் முத்திரை வச்சுக் கொடுங்க தம்பி."

தனசேகரன் நிமிர்ந்து பார்த்தான். சிராங்கூன் ரோட்டில் அந்த விமான டிக்கெட் ஆபீசில் அவன் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் அவன்தான் முதல் பி.ஏ. பட்டதாரி. எதையாவது தப்பாக அடித்து வேலை போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தான்.

கேட்டவர் செல்லக்கண்ணு. ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடையில் வேலை.

தனசேகரன் அட்டவணையைப் புரட்டினான். இரண்டுமே வட போர்னியோவின் கடலோரத்துச் சின்ன விமான நிலையங்கள். நடுவில் இருநூறு மைல்.

"டக்கோட்டா விமானம் போகுதுங்க ஐயா. வழியில ஜெசல்டன்ல நின்னாலும் ரெண்டு, ரெண்டரை மணி நேரந்தான்."

"தெரியும் தம்பி, வேற இடத்துல விசாரிச்சுட்டேன். நீங்க மூணு நாள்னே அடிங்க."

யாரிடம் காட்ட என்று கேட்டான். அவர் சொல்லவில்லை. யாரையோ ஏமாற்றப் பார்க்கிறார் என்று தனசேகரனுக்குத் தோன்றியது.

"பொய்க்கு முத்திரை வைக்க முடியாதுங்க."

"ஒரே ஒரு தாள்தானே தம்பி."

"முடியாதுங்க."

படித்தவர்களுக்கு மைல் கணக்குத்தான் தெரியும் என்று முணுமுணுத்தபடி அவர் படியிறங்கிப் போனார். தனசேகரனுக்கு அன்று காலை முழுக்கத் தன்னைப்பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மத்தியானம் ஓர் அம்மாள் வந்தாள். பெயர் தங்கம், செல்லக்கண்ணுவின் மனைவி என்றாள்.

மகன் சண்டாக்கானில் மரக் கம்பெனி உத்தியோகம். மகள் சரஸ்வதியைக் கட்டிக்கொடுத்தது லாபுவானில். போன மாதம் அவளுக்குப் பிள்ளை செத்துப் பிறந்து, ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். அண்ணன்காரன் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று நாள் பயணம், அதனால்தான் போகமுடியவில்லை என்று அப்பாவுக்கு எழுதிவிட்டான்.

"அவ்வளவு தூரமான்னு நான் வாய் தவறிக் கேட்டுட்டேன் தம்பி. இன்னிக்கு டிக்கெட் ஆபீசுல கேட்டு, முத்திரை போட்ட தாளே வாங்கிட்டு வந்து காட்டுறேன்னு கிளம்பிட்டாரு."

தனசேகரன் அட்டவணையை எடுத்து விரித்தான்.

"ரெண்டு மணி நேரந்தான்னு சரசு எனக்கு எழுதிட்டா. அவருக்குத் தெரியாது. மகன்னா அவருக்கு உசிரு, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. அவரு வந்து கேட்டா, மூணு நாள்னே சொல்லிடுங்க தம்பி."

தனசேகரன் அட்டவணையை மூடினான்.

"அவர் இன்னும் வரலைம்மா. வந்தா அப்படியே சொல்றேன்."

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும், முத்திரை வைத்த ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தான்.