சத்தக் குமிழ்

இத்தனை வருடம் மற்றவர்களைப் படுக்க வைத்த கட்டிலில் இன்று நரம்பு-தசைப் பரிசோதனை டெக்னீஷியனே படுத்திருக்கிறாள். வலது கட்டைவிரலில் பலம் இல்லை. கழுத்து நரம்பு நசுங்கியிருந்தால் கோளாறு கையோடு நின்றுவிடும். நன்றாக இருக்கும் காலிலும் கோளாறு தெரிந்தால், சந்தேகம் உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் மோட்டார் நியூரான் நோய்க்குப் போய்விடும். டாக்டர் அவள் கெண்டைக்காலில் ஊசியை இறக்குகிறார். திரையின் பச்சை வெளிச்சம் அவர் மூக்குக்கண்ணாடியில் நெளிகிறது. "தளர்வா விடுங்கக்கா. உங்களை மாதிரியே உங்க காலும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காதே!" அவள் சிரித்துக்கொண்டே காலைத் தளர்த்துகிறாள். ஓய்ந்திருக்கும் தசையில் ஊசி நின்றால் அதன் மின்துடிப்பைச் சத்தமாக்கும் ஸ்பீக்கர் பேசக் கூடாது. டப். தகரக் கூரையில் முதல் மழைத்துளி விழுந்தது போல. சற்றுப் பொறுத்து இன்னொன்று. டாக்டரின் கை தானாகப் போய்ச் சத்தக் குமிழைத் திருகி அடைக்கிறது. இப்போது ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கு." கெட்ட சேதி வரப்போகிறவர்களுக்கு மட்டும் அந்தக் குமிழைத் திருகுவது இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட வழக்கம். "என்கிட்டயேவா, டாக்டர்?" அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் வலது கையை நீட்டிக் குமிழைப் பிடிக்கிறாள். சத்தத்தைக் கூட்டப் பார்க்கிறாள். கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.