ராணியை நகர்த்தினால்...

"மச்சான், உங்களுக்கு ஆடத் தெரியலியா, இல்ல கண்ணு தெரியலியா?"

துல்கர்னைனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

பம்பாய்க்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரில் அவனுக்கு வேலை. லீவில் தென்காசிக்கு வந்தவன், அக்கா வீட்டுக்காரர் யாக்கூபின் சதுரங்கப் பலகையைப் பார்த்துவிட்டான். எதிராளி பக்கத்தில் இல்லை. கடையம் நமசிவாயம் வாத்தியார். வாரம் ஒரு தபால் கார்டில் அவர் ஒரு காய் நகர்த்துவார். பதிலுக்கு இவர் ஒன்று.

"கம்ப்யூட்டர் எப்படிப் பாக்கும் தெரியுமா? காய்க்கெல்லாம் மார்க் போட்டுக் கூட்டும். உங்க பக்கம் அஞ்சு மார்க் கூட! ராணியை இங்கன வச்சா அடுத்ததுல அவரு ராஜா காலி. பழைய கார்டெல்லாம் பாத்தேன். மூணு மாசமா ஜெயிக்க வழி இருந்தும் சும்மா சிப்பாயைத் தள்ளிக்கிட்டு இருக்கீகளே!"

"இருக்கட்டும் மாப்ளே" என்ற யாக்கூப், கார்டில் மறுபடியும் சிப்பாயையே நகர்த்தி எழுதினார். "குத்தாலத்துக்குத்தான போற? போற வழியில இதைப் பெட்டியில போட்டுரு."

துல்கர்னைனுக்குப் பொறுக்கவில்லை. தபால் பெட்டி அருகில் நின்று, கார்டில் சிப்பாயைக் கோடு போட்டு அடித்துவிட்டு ராணியை எழுதிப் போட்டான்.

அருவியில் குளித்துத் திரும்பி, அதைப் பெருமையாகச் சொன்னான். யாக்கூப் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பாவி! வாத்தியாரு இப்ப கடையத்துல இல்லலே. டி.பி. ஆஸ்பத்திரியில கெடக்காரு. கார்டை வீட்டாளுக அங்க கொண்டு போய்க் குடுக்காக. டாக்டரே கைய விரிச்சிட்டாரு. அடுத்த கார்டு வரட்டும்னாவது உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாருன்னுதான் ஆட்டத்தை இழுத்துக்கிட்டு இருந்தேன். உன் மெஷினு பலகையைப் பாக்கும். எதுக்க இருக்க ஆளைப் பாக்குமா?"

துல்கர்னைன் லீவை நீட்டிக்கொண்டு, தினமும் தபால்காரரின் சைக்கிளுக்காக வாசலில் காத்து நின்றான்.

பத்தாம் நாள் கார்டு வந்தது. யாக்கூப் அதைப் பார்க்காமலே அவனிடம் நீட்டினார். துல்கர்னைன்தான் வாங்கி வாசித்தான்.

"அன்புள்ள யாக்கூப், தோற்றுவிட்டேன். மூன்று மாதமாக நீங்கள் எனக்கு விட்டுக்கொடுத்து ஆடுவது தெரியாமல் இல்லை. நான் பிழைக்க மாட்டேன் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள் என நினைத்து, மாத்திரையைக்கூட நிறுத்தியிருந்தேன். இந்த முறை சிப்பாயை அடித்துவிட்டு ராணியை எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு அடித்தலைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அன்றைக்கே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காய் எனக்கு!"